அமெரிக்கக் கால்பந்தில் ஆள்காவலும் பகுதிக்காவலும்

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் முறைகள் இரண்டு பெரும் வகைகளில் அடங்கும். ஒவ்வொரு தடுப்பாளரும் எதிரணியின் ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரரைப் பொறுப்பேற்று, அவர் ஓடும் இடமெல்லாம் உடன் ஓடுவது மேன் கவரேஜ் எனப்படும் ஆள்காவல். ஒவ்வொருவரும் களத்தின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று, அதற்குள் நுழைபவரையும் அதற்குள் வரும் பந்தையும் கவனிப்பது ஜோன் கவரேஜ் எனப்படும் பகுதிக்காவல்.

இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, தடுப்பாளரின் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். ஆள்காவலில் அவருடைய கண் தன் ஆளின் மீது இருக்கும். பந்து எறியப்பட்டதே அவருக்குத் தெரியாமல் போகலாம். பகுதிக்காவலில் அவருடைய கண் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மீது இருக்கும். தன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நழுவிப்போவது தெரியாமல் போகலாம். எந்த முறையிலும் ஏதோ ஒன்று காவலில்லாமல் போகிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பதைத்தான் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கிறார்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சில செய்திகள். பெயரில் கால் இருந்தாலும் இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே பெரும்பகுதி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். ஒரு யார்டு என்பது 3 அடி. களத்தின் கடைசியில் உள்ள எண்ட் ஸோன் என்னும் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன். அதற்கு 6 புள்ளிகள். பந்தை முன்னோக்கி எறிவது 1906ஆம் ஆண்டில்தான் விதிகளில் அனுமதிக்கப்பட்டது. அதுவரை எறிபந்துக்குக் காவல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏழு பேரும் ஐந்து பேரும்

ஒவ்வோர் அணியிலும் 11 பேர். தாக்கும் அணியில் ஒருவர் குவார்ட்டர்பேக். ஐந்து பேர் அவருக்கு முன்னால் அரண்போல நிற்கும் கனத்த ஆட்கள், அவர்கள் எறிபந்தைப் பிடிக்க வழக்கமாக உரிமையில்லாதவர்கள். மீதமுள்ள ஐந்து பேரே ஓடிச்சென்று பந்தைப் பிடிக்கக்கூடியவர்கள். தடுக்கும் அணி வழக்கமாக நான்கு பேரைக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய அனுப்புகிறது. ஆக, பிடிக்க ஓடும் ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். இரண்டு பேர் உபரி.

இந்த இரண்டு பேரை வைத்து என்ன செய்வது என்பதில்தான் எல்லா உத்திகளும் பிறக்கின்றன. ஆள்காவலில் ஐந்து பேர் ஐவரைப் பிடித்துக்கொள்ள, ஆறாமவர் எல்லோருக்கும் பின்னால், களத்தின் ஆழத்தில் காப்பாக நிற்பார். ஏழாமவர் நடுவில் பதுங்கி நிற்கலாம், அல்லது அவரும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயலாம். ஆழத்தில் ஒருவர் நிற்பதால் இதற்குக் கவர் 1 என்று பெயர். இரண்டு உபரிகளையும் பாய அனுப்பிவிட்டால் கவர் 0: பின்னால் யாருமில்லை, ஒருவர் வழுக்கி விழுந்தாலும் டச்டவுன்தான். கவர் 2, கவர் 3, கவர் 4 ஆகியவை பெரும்பாலும் பகுதிக்காவல் முறைகள். பெயரிலுள்ள எண் ஆழத்தைக் காக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். வர்ணனையாளர்கள் போகிறபோக்கில் சொல்லிச் செல்லும் இந்தப் பெயர்களின் பொருள் தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

உடன் ஓடுதல்

பந்தைப் பிடிக்க ஓடுபவர் ரிசீவர் எனப்படுகிறார். அவருடன் ஒட்டி ஓடும் வேலை பெரும்பாலும் கார்னர்பேக் என்பவருடையது. இந்த விளையாட்டில் மிகக் கடினமான வேலை இதுவே என்பது பலர் கருத்து. எனக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. ரிசீவருக்குத் தான் எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பது முன்பே தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவர் பின்புறமாக ஓடத் தொடங்கி, எதிராளியின் அசைவைப் பார்த்துத் திரும்பி, பிறகு அவருக்கு ஈடாக ஓட வேண்டும். எதிராளியின் தலையையோ தோளையோ பார்க்காதே, இடுப்பைப் பார் என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம். இடுப்பு திரும்பாமல் உடல் திரும்பாது.

ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே ரிசீவரின் முகத்துக்கு நேரே நின்று, அவர் புறப்படும்போதே நெஞ்சில் கைவைத்துத் தள்ளித் தடுமாறவைப்பது ஒரு வழி. குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று விநாடிக்கும் குறைவான நேரம். அதில் அரை விநாடி கெட்டாலும் திட்டமிட்ட ஓட்டவழி கலைந்துவிடும். ஆனால் அந்தத் தள்ளல் குறிதவறினால் ரிசீவர் தடுப்பாளரைக் கடந்து போய்விடுவார். அதன்பின் துரத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

தள்ளுவதற்கும் எல்லை உண்டு. தொடக்கக் கோட்டிலிருந்து 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தள்ளித் தடுக்கக்கூடாது என்று தேசியக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். 1978ஆம் ஆண்டில் விதி கொண்டுவந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுண்ட் என்ற முரட்டுக் கார்னர்பேக்கின் பெயரால் இதை மெல் பிளவுண்ட் விதி என்றே அழைக்கிறார்கள். ஒருவர் நன்றாக ஆடியதற்காக விதியே மாறியது என்றால் அவர் எப்படி ஆடியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்த விதி ஆள்காவலின் கைகளைக் கட்டிப்போட்டது. பந்தெறியும் ஆட்டம் பெருகியது. ஆள்காவல் மட்டும் ஒழிந்துவிடவில்லை. நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டெரெல் ரெவிஸ் 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் எதிரணிகளின் முதன்மை ரிசீவர்களைத் தனியொருவராகக் கட்டிப்போட்டார். அவர் காவலில் சிக்கியவர் தனித்தீவில் விடப்பட்டவர் மாதிரி என்பதால் ரெவிஸ் தீவு என்ற பெயரே வழக்கில் வந்தது.

ஆள்காவலின் பெரிய ஆதாயம் இதிலிருந்து விளங்கும். ஒருவர் தனியே ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் மற்றவர்களை வேறு வேலைக்கு அனுப்பலாம். அதன் பெரிய ஆபத்து, காலால் ஓடக்கூடிய குவார்ட்டர்பேக். தடுப்பாளர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு தத்தம் ஆளுடன் ஓடும்போது, பந்தை எறியாமல் அவரே ஓடத் தொடங்கினால் அது யார் கண்ணிலும் படாது. பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லமார் ஜாக்சன் போன்றவர்களுக்கு எதிராக ஆள்காவல் ஆடுவோர், குவார்ட்டர்பேக்கை மட்டுமே கவனிக்க ஒருவரை நிறுத்திவைப்பது இதனால்தான். அப்படி நிறுத்தினால் உபரியில் ஒன்று குறைகிறது.

ஒரு யார்டு தொலைவில்

ஆள்காவலை உடைக்கத் தாக்கும் அணிகள் கையாளும் பழைய தந்திரம், இரண்டு ரிசீவர்களின் வழிகளைக் குறுக்கே பின்னுவது. ஒருவர் மற்றவருடைய காவலாளியின் வழியை மறித்துவிட்டால் அந்த மற்றவர் தனியே விடுபடுவார். வேண்டுமென்றே மறிப்பது குற்றம், ஆனால் என்.எஃப்.எல். விதிகளின்படி தொடக்கக் கோட்டிலிருந்து ஒரு யார்டுக்குள் அது குற்றமாகாது.

2015 பிப்ரவரி 1 அன்று அரிசோனா மாநிலம் கிளெண்டேலில் நடந்த 49ஆம் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் இந்தத் தந்திரத்தில்தான் முடிவானது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28–24 என முன்னிலையில் இருந்தது. சியாட்டில் சீஹாக்ஸ் அணியிடம் பந்து. எண்ட் ஸோனுக்கு ஒரே ஒரு யார்டு. அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம். வலப்பக்கத்தில் சியாட்டிலின் ஜெர்மெய்ன் கியர்ஸ் முன்னாலும் ரிக்கார்டோ லாக்கெட் அவருக்குப் பின்னாலும் நின்றார்கள். கியர்ஸ் முன்னே சென்று காவலாளியை மறிக்க, லாக்கெட் உள்பக்கம் வெட்டி வந்து பந்தைப் பிடிக்க வேண்டும் என்பது திட்டம்.

பேட்ரியட்ஸின் பிராண்டன் பிரௌனர் கியர்ஸின் முகத்துக்கு நேரே நின்றார். லாக்கெட்டின் பொறுப்பு, சற்றுப் பின்னால் நின்ற மால்கம் பட்லருடையது. அவர் கல்லூரி வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல், பிறகு அணியில் சேர்ந்த முதலாண்டு ஆட்டக்காரர். பந்து இயங்கியதும் பிரௌனர் கியர்ஸை இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிட்டார். மறிப்பு நிகழவில்லை. பட்லருக்கு வழி திறந்தது. லாக்கெட்டை முந்திச்சென்று ரசல் வில்சன் எறிந்த பந்தைப் பறித்தார். அந்த வாரப் பயிற்சியில் இதே அமைப்பில் பட்லர் ஏமாந்திருந்தார் என்பதும் பின்னர் வெளிவந்தது. இரண்டாம் முறை அந்த அமைப்பைக் கண்டதும் அவர் தயங்கவில்லை. பட்லரின் பெயரை ஊரே அறியும். அவருக்கு வழிவிட்ட பிரௌனரின் பங்கை ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பவர்களே கவனிக்கிறார்கள்.

இடத்தைக் காத்தல்

களத்தின் அகலம் 53 யார்டும் ஓரடியும். மூன்று பேர் ஆழத்தைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 18 யார்டு. இதுவே கவர் 3. மீதி நால்வர் அவர்களுக்கு முன்னால் உள்ள இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கவர் 2இல் ஆழத்தை இருவர் பாதிபாதியாகக் காக்க, முன்னால் ஐவர் நிற்கிறார்கள். கவர் 4இல் ஆழத்தில் நால்வர், முன்னால் மூவர். எந்தப் பக்கம் போர்வையை இழுத்தாலும் மறுபக்கம் கால் வெளியே தெரிகிற கதைதான்.

தாக்கும் அணி தேடுவது அந்த வெளியே தெரியும் காலை. கவர் 3க்கு எதிராக நான்கு ரிசீவர்கள் நேராக ஆழத்தை நோக்கி ஓடினால் மூன்று பேர் நால்வரைக் காக்க வேண்டியிருக்கும். கவர் 2இல் ஓரக்கோட்டை ஒட்டி, முன்னால் நிற்கும் கார்னர்பேக்குக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டிக்கும் இடையே ஒரு வெற்றிடம் எப்போதும் இருக்கும். இரண்டு சேஃப்டிகளுக்கும் நடுவே இன்னொன்று. பகுதிக்காவலுக்கு எதிராக நல்ல ரிசீவர் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. இருவருக்கு இடைப்பட்ட வெற்றிடத்தை அடைந்ததும் நின்று குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பிவிடுவார். ஆள்காவலில் அப்படி நின்றால் காவலாளி மேலே வந்து விழுவார். ஒரே ஓட்டவழி எதிரணியின் காவலைப் பொறுத்து மாறுவது இப்படித்தான்.

கவர் 2இன் நடு வெற்றிடத்தை அடைக்க, நடுவில் நிற்கும் லைன்பேக்கரை வேகமாகப் பின்னோக்கி ஓடச்செய்யும் முறை டாம்பா 2 எனப் புகழ்பெற்றது. டோனி டஞ்சியும் மான்ட்டி கிஃபினும் டாம்பா பே பக்கனியர்ஸ் அணியில் இதை வளர்த்தார்கள். இதன் வேர் 1970களின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில், பட் கார்சன் என்ற பயிற்சியாளரிடம் இருக்கிறது. டஞ்சி அந்த அணியில் ஆடியவர். 2003 ஜனவரி 26 அன்று நடந்த சூப்பர் பவுலில் டாம்பா பே, ஓக்லாந்து ரைடர்ஸை 48–21 என வென்றது. ஓக்லாந்தின் குவார்ட்டர்பேக் ரிச் கேனன் எறிந்த ஐந்து பந்துகள் எதிரணியால் பறிக்கப்பட்டன. அவற்றில் மூன்று நேராக டச்டவுனாக முடிந்தன. கண் குவார்ட்டர்பேக் மீது இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய காட்சி கிடைப்பது அரிது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: டாம்பா பே அணியின் அந்த ஆண்டுத் தலைமைப் பயிற்சியாளர் ஜான் குரூடன், அதற்கு முந்தைய பருவம் வரை ஓக்லாந்தின் பயிற்சியாளர். எதிரணியின் பழக்கவழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி. முழுப் பெருமையையும் பகுதிக்காவலுக்கே கொடுத்துவிட முடியாது.

2014 பிப்ரவரி 2 அன்று சியாட்டில் தன் கவர் 3 முறையை முதன்மையாகக் கொண்டு டென்வர் பிராங்கோஸை 43–8 என்று வீழ்த்தியது. அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்த அணி டென்வர். சியாட்டில் என்ன ஆடப்போகிறது என்பது டென்வருக்குத் தெரியாத ரகசியம் அல்ல. சிறு தூரத்துக்குப் பந்தைப் பிடிக்க விட்டு, பிடித்தவரை அந்த இடத்திலேயே வீழ்த்தினார்கள். பகுதிக்காவலில் எல்லோரும் பந்தைப் பார்த்து நிற்பதால் பிடித்தவரை நோக்கி நாலாபக்கத்திலிருந்தும் ஓடிவர முடிகிறது. இந்த ஆதாயம் புள்ளிவிவரங்களில் பளிச்செனத் தெரிவதில்லை.

மோப்பம் பிடித்தலும் மறைத்தலும்

பந்து இயங்கும் முன்பே எதிரணி எந்தக் காவலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் குவார்ட்டர்பேக் முயல்வார். இதற்குப் பயன்படும் எளிய சோதனையைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களும் செய்துபார்க்கலாம். தாக்கும் அணியில் ஒருவர் ஆட்டம் தொடங்கும் முன் களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வார். அவருக்கு எதிரே நின்றவர் கூடவே ஓடிவந்தால் பெரும்பாலும் ஆள்காவல். இருந்த இடத்திலேயே நின்று, மற்றவர்கள் ஓரடி ஈரடி நகர்ந்து சரிசெய்துகொண்டால் பெரும்பாலும் பகுதிக்காவல். கார்னர்பேக்கின் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் ஒரு குறிப்பு: ரிசீவரை நோக்கி நேராக நின்றால் ஆள்காவலின் அறிகுறி, குவார்ட்டர்பேக்கைப் பார்க்க வசதியாகச் சாய்ந்து நின்றால் பகுதிக்காவலின் அறிகுறி.

பெரும்பாலும் என்று சொன்னது காரணத்தோடுதான். தடுக்கும் அணிகள் இந்தக் குறிப்புகளை வேண்டுமென்றே பொய்யாகக் காட்டுகின்றன. இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்பார்கள். பந்து இயங்கிய கணத்தில் ஒருவர் முன்னே ஓடிவர, கவர் 2 எனத் தோன்றியது கவர் 3 ஆகிவிடும். பாய்ந்து வருவார் எனத் தோன்றும் கனத்த முன்வரிசை ஆள் பின்வாங்கிப் பகுதியைக் காக்க, எதிர்பாராத மூலையிலிருந்து வேறொருவர் பாய்வார். ஜோன் பிளிட்ஸ் எனப்படும் இந்த முறையை 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் இருந்தபோது வளர்த்தெடுத்தவர் டிக் லெபோ.

இரண்டும் கலந்த முறை

பாடநூல்கள் ஆள்காவல், பகுதிக்காவல் என்று கோடு கிழித்தாலும் இன்று உயர்மட்ட ஆட்டத்தில் அந்தக் கோடு மங்கிவிட்டது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் 1991 முதல் 1994 வரை தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கும் அவருக்குக் கீழ்த் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனும் ஒரு கலப்பு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். கவர் 3க்கு எதிராக நால்வர் நேராக ஓடும்போது மூவர் திண்டாடும் சிக்கலுக்கு அது விடையாக அமைந்தது. பேட்டர்ன் மேட்ச்சிங் என அழைக்கப்படும் இதில் தடுப்பாளர் முதலில் பகுதிக்காவல்போல நிற்கிறார். ரிசீவர்கள் ஓடும் வழி தெரிந்ததும், அதற்கேற்ப ஒருவரை ஏற்று ஆள்காவலுக்கு மாறிவிடுகிறார்.

உள்பக்க ரிசீவர் நேராக ஆழத்துக்கு ஓடினால் அவரை நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் வெளிப்பக்கம் வெட்டினால் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே வருபவரை எடுத்துக்கொள்கிறேன். இப்படி, இது நடந்தால் அது என்று விதிகளாகவே ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பின்னாளில் சேபன் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு 6 தேசியப் பட்டங்கள் பெற்றுத்தந்தபோது அவருடைய தடுப்பாட்டத்தின் அடிப்படை இதுவே. குறையும் உண்டு. கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். இருவரில் ஒருவர் ஒரு விதியைத் தவறாகப் படித்தாலும் இருவரும் ஒரே ஆளைத் துரத்த, மற்றவர் தனியே நிற்பார்.

தவறு யாருடையது

ஆள்காவல் உடைந்தால் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் வெளிப்படை. பகுதிக்காவலிலும் கலப்பு முறையிலும் அப்படியல்ல. ரிசீவர் பந்தைப் பிடித்த இடத்துக்கு மிக அருகில் நின்றவரைத்தான் தொலைக்காட்சி காட்டும். பார்ப்பவர்களும் அவரையே திட்டுவார்கள். உண்மையில் அவர் தன் பகுதியை விட்டுப் பக்கத்துக்காரரின் ஓட்டையை அடைக்க ஓடிவந்தவராக இருக்கலாம். அணிக்குள் என்ன கட்டளை இடப்பட்டது என்று தெரியாமல், திரையை மட்டும் பார்த்து, இந்தத் தடுப்பாளர் இத்தனை யார்டு விட்டுக்கொடுத்தார் என்று போடப்படும் பட்டியல்களைச் சற்று ஐயத்தோடே படிக்க வேண்டும்.

சில வேளைகளில் எந்த ஆட்டக்காரரும் தவறு செய்யாமலேயே காவல் தோற்றுவிடும். 2022 ஜனவரி 23 அன்று கான்சஸ் நகரில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் பஃபலோ பில்ஸ் 36–33 என முன்னிலையில் இருந்தது. மீதம் 13 விநாடிகள். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் தன் பக்கத்தின் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட எறிதலையும், பிடித்தவர் ஓரக்கோட்டுக்கு வெளியே போய்க் கடிகாரத்தை நிறுத்துவதையும் தடுக்க, பஃபலோ ஆட்களைப் பின்னுக்கும் ஓரங்களுக்கும் தள்ளி நிறுத்தியது. நடுப்பகுதி திறந்து கிடந்தது. கையில் டைம் அவுட் இல்லாத அணிக்கு எதிராக அது நல்ல கணக்கு. கான்சஸ் சிட்டியிடமோ டைம் அவுட்கள் இருந்தன. நடுவில் வீழ்ந்தாலும் கடிகாரத்தை நிறுத்திக்கொள்ள முடியும். பேட்ரிக் மஹோம்ஸ் டைரீக் ஹில்லுக்கு எறிந்தார், 19 யார்டு. டைம் அவுட். டிராவிஸ் கெல்சிக்கு எறிந்தார், 25 யார்டு. மீண்டும் டைம் அவுட். 3 விநாடிகள் இருக்க, ஹாரிசன் பட்கர் 49 யார்டிலிருந்து பந்தை உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கான்சஸ் சிட்டி 42–36 என வென்றது. பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனின் கைக்குக் கூடுதல் நேரத்தில் பந்து வரவே இல்லை. அந்த ஆண்டே பிளேஆஃப் ஆட்டங்களின் கூடுதல் நேர விதி மாற்றப்பட்டு, இரு அணிகளுக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்கும்படி செய்யப்பட்டது.